நான்தான் சொல்லிக் கொடுத்தேன்

சன்னலோரத்தை எனக்கு விட்டுக் குடுத்தீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் காலுக்கடியில தள்ளிக்கிடுங்க. டவுனுக்குத்தானே? நானும் அங்கதான். முக்கால் மணி நேரம் இந்தத் தகரத்துக்குள்ள வேகணும். மருந்துக் கம்பெனியா? நினைச்சேன். இந்த ரூட்ல டை கட்டிக்கிட்டு வேற யாரு வரப் போறா.

ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டருங்க உங்களை உள்ள கூப்பிட்டா எம்புட்டு நேரம் குடுப்பாங்க? ரெண்டு நிமிஷமா? அதுக்குள்ள மருந்து பேரு, அது எதுக்கு, அடுத்த கம்பெனிக்காரன் மருந்தைவிட இது எதுல ஒசத்தி, எல்லாத்தையும் சொல்லி முடிச்சிரணும், இல்லையா? அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். உங்களுக்குப் புரியும். இப்ப நான் பாக்கப் போற ஆளுங்களுக்குத்தான் புரியாது.

இந்தா பாருங்க, நாலு பக்கம். நேத்துப் பூரா உக்காந்து எழுதினேன். விளக்கம். மெமோ குடுத்து என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க தம்பி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கலைன்னா ஜில்லாவோட அடுத்த முனைக்குத் தூக்கி அடிச்சிருவாங்களாம். அடிக்கட்டும். நான் என்ன களவாண்டேனா? பிள்ளையைப் போட்டு அடிச்சேனா? பாடம் நடத்தினேன். பாடம் நடத்துனதுக்கு மெமோ வாங்குன டீச்சரை நீங்க பாத்திருக்கீங்களா? இப்பப் பாத்துக்கிடுங்க. சுருக்கமாச் சொல்லுறேன். எனக்கு வளவளன்னு பேசுறது பிடிக்காது.

என் பேரு செண்பகவல்லி. இந்த பஸ் பொறப்படுற கடைசி ஸ்டாப்புல இருக்குற ஆரம்பப் பள்ளிக்கூடம். அஞ்சாங்கிளாஸ் எனக்கு. எங்க ஊர் ஆளுங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, செண்பகம் டீச்சர்னா கொஞ்சம் வாய் நீளம்னு சொல்லுவாங்க. வாய்தானே எங்க முதலு. சரி, அது கிடக்கட்டும்.

இந்த வருஷம் ஆரம்பத்துல ஒரு டிரெய்னிங் போட்டாங்க. வாசிக்குற பத்தியில மையக்கருத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தரணுமாம். நல்ல விஷயம்தான். எங்க பிள்ளைக கடகடன்னு வாசிக்கும். தேர் ஓடுற மாதிரி வாசிக்கும். வாசிச்சு முடிச்சதும் என்ன படிச்சேன்னு கேட்டா, மேல மோட்டு வளையைப் பாக்கும். அதுக்கு டிரெய்னிங்ல ஒரு குடைப் படம் குடுத்தாங்க. குடைத்துணி மையக்கருத்தாம், கம்பியெல்லாம் துணைக்கருத்தாம். நானும் போர்டுல குடை போட்டேன். பிள்ளைக நோட்டுல குடை போட்டுச்சு. கலர் அடிச்சுச்சு. கைப்பிடியில குஞ்சம் வச்சுச்சு. வருஷத்துல நாலு நாள் மழை பெய்யிற கரிசக்காட்டுல கொண்டுவந்து குடையை விரிச்சா என்ன விளங்கும்?

பெறகு ஒரு பத்தி எழுதிப் போட்டேன். வேலன் ஆட்டுக்குட்டியோட சந்தைக்குப் போறான். சந்தையில கூட்டம். பலூன் பறக்குது. கருப்பட்டி மிட்டாய் சூடா விக்கிறாங்க. கயிறு நழுவிக் குட்டி காணாமப் போகுது. வேலன் தேடித் தேடி அழுறான். வீட்டுக்கு வந்து பாத்தா குட்டி அதோட தாய்கிட்டப் பால் குடிச்சுக்கிட்டிருக்கு. அம்புட்டுத்தான். இதுல மையக்கருத்து என்னன்னு கேட்டேன். ஒண்ணு போல எழுதியிருக்குதுக தம்பி: ‘சந்தையில் கருப்பட்டி மிட்டாய் சூடாக விற்றார்கள்.’

எனக்கு எப்படி இருக்கும்? மிட்டாய் ஆசையில எழுதியிருக்குதுகன்னு நினைச்சேன். ஏன்டான்னு கேட்டேன். அப்ப ஒருத்தி எந்திரிச்சா. பேச்சித்தாய்னு பேரு. பேர்லயே பேச்சு இருக்கு, வாயில கேக்கணுமா? எனக்கே அவளைக் கண்டாக் கொஞ்சம் அலர்ஜிதான். நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள கை மேல போயிரும். பாதி கேள்விக்குப் பதில் சொல்லும், மீதிக் கேள்வியை அதுவே கேக்கும். அது சொல்லுது, "டீச்சர், மொத்தம் ஏழு வரி. மேல மூணு, கீழ மூணு. நாலாவதுதானே மையம்?"

பாத்தீங்களா! மையம்னா நடு. நடு வரியை எழுதியிருக்கா. அவளைப் பாத்து மத்ததுகளும் எழுதியிருக்கு. தப்புன்னு எப்படிச் சொல்லுவீங்க? அடுத்த நாள் எட்டு வரியில ஒரு பத்தி குடுத்தேன். அரை மணி நேரம் எண்ணிட்டு வந்து நிக்கிறா. "டீச்சர், இதுல மையமே இல்ல." அதோட விட்டாளா? எங்க பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் பென்சில், அஞ்சாவதுலதான் பேனா. "அப்ப மையக்கருத்துன்னா மையில எழுதுற கருத்தா டீச்சர்? அதான் பென்சில் கிளாஸ்ல கேக்கலையா?" நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு முறைச்சேன். சிரிச்சுட்டா அப்புறம் கிளாஸ் நம்ம கையில இருக்காது.

வழி எங்க கிடைச்சுச்சுங்கிறீங்க? எங்க மாமியார் போன்ல. அவங்க போன் பண்ணினா எடுத்ததும் வெயிலைப் பத்திப் பேசுவாங்க. பக்கத்து வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டுப் போன கதை, கோயில்ல கூட்டம், முட்டி வலி, சின்ன மகன் எட்டிப் பாக்கலைங்கிற பிராது. நான் ஊங்கொட்டிக்கிட்டே காய் நறுக்குவேன். கடைசியில வைக்கப் போறப்ப, மாத்திரை தீந்து போச்சும்பாங்க. அன்னைக்கு எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. வெயிலை எடுத்துட்டாலும் அந்த போன் வரும், மருமகளை எடுத்துட்டாலும் வரும். மாத்திரையை எடுத்துட்டா அந்த போனே இல்ல.

மறுநாள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டுக் கிளாஸுக்குப் போனேன். இது எப்பவும் என் பையில இருக்கும் தம்பி. பச்சை மை ஆபீசருங்க கையெழுத்துக்கு, சிவப்பு மை வாத்தியாருக்கு. யாரும் சட்டம் போட்டுச் சொல்லல, ஆனா அப்படித்தான். அதே ஆட்டுக்குட்டிக் கதையைப் பெரிய தாள்ல எழுதி ஒட்டி வச்சேன். பலூனை ஒரு கோடு போட்டு அடிச்சேன். "கதை நிக்குதா, விழுதா?" "நிக்குது டீச்சர்!" கூட்டத்தை அடிச்சேன். நிக்குது. மிட்டாயை அடிச்சேன், ஒரு பய ஐயோன்னான், ஆனா கதை நின்னுச்சு. குட்டி காணாமப் போனதை அடிச்சேன். கிளாஸே கத்துச்சு, "விழுந்துருச்சு டீச்சர்!" எதை அடிச்சாக் கதை விழுதோ, அதைப் பிடின்னேன். அம்புட்டுத்தான் பாடம். எந்த டிரெய்னிங்ல சொல்லுவான் இதை?

அதுக்கப்புறம் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடிச்சுப் போச்சு. வீட்ல ஆத்தா பேசுறதை அடிச்சுப் பாக்குதுக. ஒரு பையன் வந்து சொல்லுறான், "எங்கம்மா என்னைய அரை மணி நேரம் வஞ்சுச்சு டீச்சர். எல்லாத்தையும் அடிச்சுப் பாத்தேன். தண்ணிக் குடத்தை எடுத்துட்டு வரணும்ங்கிறதுதான் மிச்சம்." பேச்சித்தாய் கோயில் பூசாரி சொன்ன குறியை அடிச்சுப் பாத்துட்டு, "ஒரு கெடா வேணுமாம் டீச்சர்"னு வந்து சொன்னா. நான் வாயைப் பொத்தினேன். ஆனா தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அன்னைக்கு வீட்டுக்குப் போறப்ப நான் தரையில நடக்கல.

சரி, விஷயத்துக்கு வாரேன். ஆண்டு விழா.

எங்க பள்ளிக்கூட மைதானத்துல புதுசா ஒரு கலையரங்கம் கட்டியிருக்காங்க. சர்க்கார் பணம். ஆனா எங்க ஊர் பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரவேல் இருக்காரே, அவரு தன் தலையில கல்லு சுமந்து கட்டுன மாதிரி நிப்பாரு. விழாவுக்கு அவருதான் தலைமை. வட்டாரக் கல்வி அலுவலரு, பி.இ.ஓ.ன்னு சொல்லுவோம், அவரு சிறப்பு விருந்தினர். எங்க எச்.எம். ஞானதுரை சார் வரவேற்புரை. தலைவர் மைக்கைப் பிடிச்சாரு. பிடிச்சா விடுவாரா? தெரு விளக்கு போட்டது, தண்ணிக்குப் போர் போட்டது, சுடுகாட்டுப் பாதைக்குச் சிமெண்ட் போட்டது. தெரு விளக்குன்னா, "எங்க அப்பா சங்கரவேல் அரிக்கேன் விளக்குல படிச்சவரு"ம்பாரு. போர்னா, "எங்க அப்பா இந்த ஊருக்குக் கிணறு வெட்டணும்னு கனாக் கண்டவரு." சுடுகாட்டுக்குப் போனா, "எங்க அப்பாவை இந்தப் பாதையிலதான் தூக்கிட்டுப் போனோம்." பிள்ளைக வெயில்ல சுருண்டு உக்காந்திருக்குதுக. கடைசியா அந்தக் கலையரங்கத்தைக் கையைக் காட்டி, "பேரில்லாம நிக்குது பாருங்க, பாக்கப் பரிதாபமா இருக்கு"ன்னுட்டு உக்காந்தாரு.

அதோட விட்டிருக்கலாம். பி.இ.ஓ. சார் எந்திரிச்சாரு. நல்லாக் கேட்டுக்கிடுங்க, அவராத்தான் எந்திரிச்சாரு. "இந்தப் பள்ளியில செண்பகவல்லி டீச்சர் மையக்கருத்து கண்டுபிடிக்கப் பிரமாதமாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்"னாரு. சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்த வார்த்தையை மனசுல வச்சுக்கிடுங்க தம்பி. "எங்க, தலைவர் அய்யா இவ்வளவு நேரம் பேசினாங்களே, அதோட மையக்கருத்தை ஒரு பிள்ளை எந்திரிச்சுச் சொல்லுங்க பாப்போம்!"

வேற எந்தக் கை போகும்? பேச்சித்தாய் கைதான். அவளை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கை வேற குனிச்சுக் குடுத்தாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டா. விரலால காத்துல கோடு போடுறா. "தெரு விளக்கு, அடிச்சாச்சு, நிக்குது. போர், அடிச்சாச்சு, நிக்குது. சிமெண்டுப் பாதை, நிக்குது." முணுமுணுன்னுதான் சொன்னா, மைக் அதையும் ஊருக்குச் சொல்லுச்சு. அப்புறம் கண்ணைத் திறந்தா. "கலையரங்கத்துக்கு அவுக அப்பா பேரை வைக்கணுமாம் சார்."

பொம்பளைக பக்கம் யாரோ ஒருத்தி களுக்குன்னா. அம்புட்டுத்தான், மைதானமே சிரிச்சுச்சு தம்பி. ஐஸ் விக்கிறவன் பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். தலைவரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. மைக்கை வாங்கி, "பிள்ளைக்கு யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க"ன்னாரு.

கேட்டீங்களா? அதே வார்த்தை. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி அந்த வார்த்தைக்குப் பொன்னாடை, பத்து நிமிஷம் கழிச்சு மெமோ. பாடம் நடத்துறதும் சொல்லிக் குடுக்குறதுதான், ஒருத்தனைத் தூண்டி விடுறதும் சொல்லிக் குடுக்குறதுதான். நம்ம தமிழ்ல அப்படி ஒரு வசதி.

மறுவாரம் விசாரணை. எச்.எம். ரூம்ல பி.இ.ஓ. சார், ஒரு கிளார்க் அம்மா, நான். சார் கேட்டாரு, "டீச்சர், அந்த மாணவிக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, இல்லையா?" நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ஆமா சார், நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு மாசமாத் தொண்டை கட்டச் சொல்லிக் குடுத்தேன்"னேன். பின்ன? என் பாடத்தை வேற எவ வந்து சொல்லிக் குடுப்பா? கிளார்க் அம்மா சரசரன்னு எழுதுச்சு. எட்டிப் பாக்குறேன், ‘ஆசிரியை ஒப்புக்கொண்டார்’னு எழுதியிருக்கு! நான் எதைம்மா ஒப்புக்கிட்டேன்? பாடத்தைச் சொல்லிக் குடுத்தேன், பதிலைச் சொல்லிக் குடுக்கலைம்மான்னு கத்துறேன். அந்தம்மா நிமிர்ந்து பாத்து, "எதையாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க டீச்சர். சொல்லிக் குடுத்தீங்களா, சொல்லிக் குடுக்கலையா?"ங்குது.

பி.இ.ஓ. சார் கெட்டவரு இல்ல, சும்மா சொல்லக்கூடாது. பயந்தவரு. தனியாக் கூப்பிட்டு, "ஏன் டீச்சர் வம்பு? ‘நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஃபைலை மூடிருவோம். கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்?"னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! இருவத்தாறு வருஷம் சர்வீஸ். நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடவா? அதுக்கு நான் பேசாம எங்க வீட்ல உக்காந்து பூக் கட்டியிருக்கலாமே! "சார், உங்க மெமோவுக்குப் பயந்துக்கிட்டு நான் வாத்தியாரே இல்லைன்னு எழுதித் தர முடியாது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எச்.எம். பின்னாடியே ஓடி வாராரு. பாவம், ஞானதுரை சாருக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல நிக்குது. "டீச்சர், நீங்க சொல்லிக் குடுக்கலைன்னு எழுதினா, பிள்ளை தானாப் பேசுச்சுன்னு ஆயிரும். அப்புறம் அது தலைவருக்கும் காளிராஜுக்கும் உள்ள பேச்சு. நமக்கென்ன?"ன்னாரு.

காளிராஜ் யாருன்னா, பேச்சித்தாயோட அப்பன். தலைவர் வீட்டு டிராக்டரை ஓட்டுறவன். விழா அன்னைக்குக் கடைசியில நின்னுக்கிட்டிருந்தான், மக சொன்னதும் தலையைத் தொங்கப் போட்டுட்டான். அவன் கதை வேற கதை. நான் அவனுக்காக ஒண்ணும் சண்டை போடல தம்பி, அதைத் தெளிவாச் சொல்லிருறேன். அந்தப் பிள்ளைக்காகவும் இல்ல. எனக்கு ரோசம். என் தொழிலைக் குத்தம்னு சொன்னா நான் விட மாட்டேன், அம்புட்டுத்தான்.

அந்த காளிராஜ், விசாரணை முடிஞ்ச ரெண்டாம் நாள் பொண்டாட்டியையும் இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு என் கிளாஸ் வாசலுக்கு வந்துட்டான். "டீச்சர், வண்டிச் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாக. நீங்கதான் சொல்லிக் குடுத்தீகன்னு எழுதிக் குடுத்திருங்க டீச்சர், உங்க கால்ல விழுறேன். பச்சப்பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? அதுவாச் சொல்லுமா?"ன்னு அழுறான். எனக்கு எப்படி இருக்கும்? ஒருத்தன் சொல்லிக் குடுக்கலைன்னு எழுதுங்கிறான், ஒருத்தன் சொல்லிக் குடுத்தேன்னு எழுதுங்கிறான். நடுவுல நான். "போ போ, நான் பாத்துக்கிடுறேன்"னு விரட்டி விட்டேன். பேச்சித்தாய் அப்பன் காலுக்குப் பின்னாடி நின்னு என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. அவன் அவளைப் பாத்து, "ஏட்டி, யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும்"ங்கிறான். ம்ம்னு தலையை ஆட்டுனா.

இப்ப கிளாஸ்ல எனக்கு நிம்மதி. சத்தமே இல்ல. கேள்வி கேட்டா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. தொணதொணப்பு இல்லாம எனக்கு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கு, அது வேற. ஆனா திமிரைப் பாருங்க தம்பி. போன வெள்ளிக்கிழமை ஒரு பத்தி குடுத்தேன். பனை ஏறுறவர் கதை. அவளுக்கு அது அல்வாச் சாப்பிடுற மாதிரி. ஒன்பது வரி. என்ன எழுதியிருக்கா தெரியுமா? வரியை எண்ணி, அஞ்சாவது வரியை அப்படியே எடுத்து எழுதி வச்சிருக்கா. நடு வரி! ரெண்டு மாசம் நான் தொண்டை கிழியக் கத்துனது, ஊரே சிரிச்சது, நான் மெமோ வாங்குனது எல்லாம் எதுக்கு? வேணும்னே எழுதியிருக்கா. நோட்டைத் தூக்கிப் போட்டேன். எதுத்து ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு நோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பேச்சித்தாய்க்குப் பேச்சு வரல! எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. இவ்வளவு செஞ்சும் ஒரு பிள்ளைக்கு நன்றி இல்லையேன்னு.

அது கிடக்கட்டும். இந்த நாலு பக்கத்துல எல்லாத்தையும் வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கேன். படிக்கவா?

என்ன தம்பி? என்ன கேட்டீங்க? சத்தத்துல விழல.

அவ சொன்னது சரியான்னா? இது என்ன கேள்வி? சரிதான்! நூத்துக்கு நூறு சரி. நான் அந்தப் பேச்சைப் பூரா உக்காந்து கேட்டவ. எதை அடிச்சாலும் நிக்கும், அப்பா பேரை அடிச்சா அந்தப் பேச்சே விழுந்துரும். நானே எந்திரிச்சிருந்தாலும் அதைவிடச் சுருக்கமாச் சொல்லியிருக்க மாட்டேன். இதுல என்ன சந்தேகம்?

அவகிட்டச் சொன்னேனான்னா கேக்குறீங்க?

இல்ல. எதுக்குச் சொல்லணும்? அவளுக்குத் தெரியாதா என்ன? சரியாச் சொன்னா சரின்னு...

இருங்க.

யாருமே அதைக் கேக்கல தம்பி. யாரு சொல்லிக் குடுத்தா, யாரு சொல்லிக் குடுத்தான்னுதான் அம்புட்டுப் பேரும் கேட்டாங்க. பி.இ.ஓ. கேட்டாரு, தலைவர் கேட்டாரு, பெத்த அப்பன் வந்து அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறான். நானும் அதே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிக்கிட்டிருக்கேன். ஊரு கூடிச் சிரிச்சுச்சு, அப்பன் சாவி போச்சு, டீச்சருக்கு மெமோ. பச்சப்பிள்ள என்ன நினைக்கும்? பதில் தப்புப் போலன்னு நினைக்கும். அதான் பழையபடி நடு வரிக்குப் போயிட்டா. நடு வரி எழுதுனா எவனும் சிரிக்க மாட்டான். அதைப் போய் நான் திமிருன்னேன். ஐயோ, நான் நோட்டைத் தூக்கி வேற போட்டேனே.

தம்பி, உங்க பையை மடியில வையுங்க. இதுமேல வச்சு எழுதிக்கிடுறேன். இல்ல இல்ல, உங்க பேனா வேணாம், இருக்கு.

வாங்க, ரெண்டு பேருமாப் பாப்போம். முதல் பக்கம். டிரெய்னிங், குடைப் படம், அவங்க வண்டவாளம். அடிக்கிறேன். நிக்குதா? நிக்குது. ரெண்டாவது, என் சர்வீஸ், கலெக்டர் கையால வாங்குன சர்ட்டிபிகேட்டு. வலிக்குது, பரவால்ல, அடிச்சாச்சு. நிக்குது. மூணாவது பக்கம், பி.இ.ஓ. சார் எப்படி அவராவே எந்திரிச்சாரு, முதல்ல அந்த வார்த்தையை அவர்தான் சொன்னாருன்னு. இது நல்லா எழுதியிருப்பேன் தம்பி, சாட்டையடி மாதிரி இருக்கும். போகட்டும். நாலாவது, ‘சொல்லிக் கொடுத்தல்’ங்கிற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்னு இலக்கண விளக்கம். யாரு படிக்கப் போறா, அடி.

பூராத்தையும் அடிச்சாச்சு. எதுவும் விழல. எப்படி விழும்? நாலு பக்கத்துல எங்கயும் அவ பேரே இல்லையே. ‘அந்த மாணவி’, ‘மேற்படி மாணவி’ன்னு எழுதியிருக்கேன், பாருங்க. செண்பகவல்லிங்கிற பேரு எம்புட்டு இடத்துல வருதுன்னு எண்ணாதீங்க, விடுங்க.

வெள்ளைத்தாள் ஒண்ணு இருந்தாக் குடுங்க. உங்க கம்பெனி பேரு போட்டிருந்தாப் பரவால்ல, பின்பக்கம் எழுதிக்கிடுறேன். இந்த டிரைவர் வேற குழியாப் பாத்து இறக்குறான். ம். எழுதியாச்சு. படிங்க. சத்தமாத்தான் படிங்களேன், கேக்கட்டும்.

‘நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பேச்சித்தாய் சொன்ன விடை சரி.’

ரெண்டே வரி. முதல் வரி காளிராஜுக்குச் சாவியை வாங்கிக் குடுக்கும். அவங்களுக்கு வேண்டியதும் அதுதானே? பிடிச்சுக்கிட்டு ஆடட்டும். எனக்கும் அது பொய்யில்ல. ரெண்டாவது வரிக்குத் தலைவர் குதிப்பாரு. குதிச்சா என்கிட்டத்தான் வரணும், சரி போட்டது நானு, காளிராஜ் இல்ல. பாத்தீங்களா, சரிங்கிறதுக்குப் பக்கத்துல ஒரு டிக்கும் போட்டிருக்கேன். கை சும்மா இருக்கல.

சிவப்பு மையிலயா குடுப்பீங்கன்னு கேக்குறீங்க. ஆமா, தெரியும். ஆபீசுக்கு எழுதுறதுல சிவப்பு மை ஆகாது, அதுக்கு ஒரு மெமோ தனியாக் குடுப்பாங்க. தூக்கி அடிச்சாலும் அடிக்கட்டும் தம்பி, ஜில்லாவோட அடுத்த முனையிலயும் அஞ்சாங்கிளாஸ் இருக்கும்ல? அங்கயும் எவனாச்சும் மைக்கைப் பிடிக்காமலா போவான்? நான் போயிச் சொல்லிக் குடுக்குறேன்.

அந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. கண்டக்டரே, ஆள் இறங்குது, விசிலை ஊதிறாதீங்க! தம்பி, இங்க இறங்குனதும் ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம்? எதுத்தாப்புலயா? நல்லது. ஒரு காப்பி எடுக்கணும்.

எனக்கில்ல. ஆபீசுக்கு. அவங்களுக்கு ஜெராக்ஸ் போதும், கறுப்புலதானே வரும், மை பிரச்சினையும் இல்ல. ஒரிஜினல் எங்கன்னு கேட்டா, யாரோட விடைத்தாளோ அவகிட்டக் குடுத்தாச்சுன்னு சொல்லுறேன்.